காது குத்தாத ரத்தம்

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ரத்த வகை பார்ப்பதற்குப் புதிதாக ஒரு இயந்திரம் வந்திருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். உள்ளங்கை அளவு அட்டையில் வரிசையாகச் சிறு குழிகள். ரத்தத்தை விட்டு உள்ளே தள்ளினால், ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வகை எழுத்தாகவே வந்துவிடுகிறது. நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அதே ரத்தத்தை இன்னொரு தடவை போடச் சொன்னேன். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

"மேடம், மிஷின் தப்பே பண்ணாது."

"நான் பண்ணுவேனே. பழக்கம் விடமாட்டேங்குது."

அப்புறம் டீ வந்தது. இது எதுவும் இல்லாத காலத்தில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார்கள். வாயால் சொல்ல ஆரம்பித்து, பாதியில் குழம்பி, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுதும்போதாவது திரும்பிப் படித்துச் சரிபார்க்கலாம்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் மதுரையில் ஒரு வருஷம் பரிசோதனைக்கூடப் பயிற்சி. கண்ணாடிக் குழாய் கழுவினோம், கழுவினோம், இன்னும் கழுவினோம். சந்தேகம் வந்தால் மறுபடி செய் என்று சொல்லிக் கொடுத்தார்கள். எனக்குச் சந்தேகம் வராத நாளே கிடையாது என்பதால், எல்லாவற்றையும் இரண்டு தடவை செய்கிறவள் என்று பெயர் வாங்கி விருதுநகருக்கு வந்து சேர்ந்தேன். கல்யாணம் ஆயிற்று. அறுபதுகளின் தொடக்கத்தில் என் மகள் பிறந்தாள். அவளை மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிய அந்த வருஷத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். காலையில் தெருமுனை வரை போய்விட்டு, தொட்டில் கயிற்றைச் சரியாக முடிந்தேனா என்று பார்க்கத் திரும்பி ஓடி வருவேன். முடிந்துதான் இருக்கும். மறுநாளும் ஓடி வருவேன்.

எங்கள் டாக்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒல்லியான மனிதர். யாரையும் அதட்டிப் பேசமாட்டார். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பரிசோதனையின் முடிவைப் பார்த்ததும் அவர் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைப்பார். நானும் பார்த்து என் சீட்டில் எழுதிக் கவிழ்க்க வேண்டும். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திருப்புவோம். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் முடிவு ரிஜிஸ்டருக்குப் போகும். வேறுவேறாக இருந்தால், "ரெண்டு பேரும் தோத்தாச்சு. முதல்லேருந்து வாங்கம்மா" என்பார். யார் சரி என்று கேட்கவே மாட்டார். தொடக்கத்தில் நான் சீட்டில் எழுதுவதற்கு முன்னால் அவர் முகத்தைப் பார்ப்பேன். அதைக் கண்டுகொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்.

அவர் இவ்வளவு கவனமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், தீப்பிடித்தால் எங்களிடம்தான் வருவார்கள். தீபாவளி சீசன் நெருங்க நெருங்க ரத்தத்தின் தேவை ஏறும். வகை பார்ப்பதற்கான சீரம் சென்னையிலிருந்து ரயிலில் ஐஸ் வைத்து வரும். விருதுநகர் ஸ்டேஷனில் இறங்கும்போது ஐஸ் வெந்நீராகியிருக்கும். சீரம் பாதி வேலை செய்யும், பாதி செய்யாது.

ஒருநாள் டாக்டர் ஏதோ ஒரு மருத்துவப் பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, காணம் என்ன விலை?"

காணம் என்றால் எங்கள் பக்கத்தில் கொள்ளு. விருதுநகர் கடைவீதியில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும்.

"மாட்டுக்கா ஐயா?"

"ரத்தத்துக்கு. பச்சைக் காணத்தை அரைச்சு உப்புத் தண்ணியில ஊறப்போட்டு வடிகட்டினா, அந்தத் தண்ணி ஏ வகை ரத்தத்தைக் கட்டியாக்கிருமாம். நாம ரயிலுக்குக் காத்துக்கிட்டு இருக்கோம். மருந்து எதிர்த்த கடையில இருக்கு!"

ஆஸ்பத்திரியில் அரைக்க எதுவும் இல்லை. ஒரு படி வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய், ஆஸ்பத்திரிக்கு வேண்டும், நைசாக அரைத்து வையுங்கள் என்று மாமியாரிடம் கொடுத்துவிட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டப் போனேன். மறுநாள் அந்த மாவை உப்புத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, ஏ வகை ரத்தத்தில் ஒரு சொட்டு விட்டேன். ஒன்றுமே நடக்கவில்லை. தண்ணீரை மாற்றினேன். குழாயை மாற்றினேன். நான்கு தடவை செய்தேன். டாக்டர் சீட்டிலும் "இல்லை", என் சீட்டிலும் "இல்லை". நான்தான் எதையோ கெடுத்துவிட்டேன் என்று அழாத குறை. டாக்டர் குழாயை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"வாசனையா இருக்கேம்மா. இதை வறுத்தீங்களா?"

சாயங்காலம் மாமியாரிடம் கேட்டேன்.

"வறுக்காம எப்படி அரைப்பாக? நல்லாச் செவக்க வறுத்துத்தான் அரைச்சேன். ரெண்டு மிளகாய் போடலாம்னு நெனச்சேன். சீக்காளிக்குப் பத்தியமா இருக்குமேன்னு விட்டுட்டேன்."

அன்று நானும் என் கணவரும் சிரித்த சிரிப்பில் குழந்தை பயந்து அழுதது. காணத்தில் இருக்கும் ஒரு புரதம்தான் அந்த வேலையைச் செய்கிறது. சூடு பட்டால் அது செத்துவிடும். அடுத்த தடவை பச்சையாக அரைத்தோம். "குடிக்கிறவன் வயிறு என்னத்துக்காகும்!" என்று மாமியார் கடைசி வரை முணுமுணுத்தார். மறுநாள் வெள்ளைப் பீங்கான் தட்டில் ஏ வகை ரத்தம் செங்கல் பொடியைத் தூவியது போலக் கட்டிக் கட்டியாகத் திரண்டது. பக்கத்திலேயே ஓ வகை ரத்தம் ஒன்றும் தெரியாதது போல வழவழவென்று கிடந்தது. டாக்டர் தன் விரலையே குத்திக்கொண்டு ஒரு சொட்டு வைத்தார். அதுவும் திரண்டது. "பாருங்க, காணத்துக்கு என்னைத் தெரிஞ்சிருக்கு" என்று வார்டு வார்டாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

காணத்துக்கு எப்படித் தெரிகிறது? அதை அவர் கரும்பலகையில் வரைந்து விளக்கினார். ரத்தத்தில் ஓடும் சிவப்பணுவின் மேல்தோலில் புரதங்கள் பதிந்திருக்கின்றன. அந்தப் புரதத்தின் மேல் சர்க்கரைகள் ஒன்றோடு ஒன்று கோத்து, குட்டிச் சங்கிலியாக ஒட்டியிருக்கின்றன. உயிருள்ள செல் தானே இந்தச் சர்க்கரைகளை ஒவ்வொன்றாக, ஒரு வரிசைப்படி மாட்டுகிறது. முதலில் ஒரு குறிப்பிட்ட சர்க்கரை வந்து உட்கார வேண்டும். அது உட்கார்ந்தால்தான் சங்கிலியின் நுனியில் அடுத்தது ஏறும். நுனியில் ஒரு வகைச் சர்க்கரை ஏறினால் ஏ. வேறொன்று ஏறினால் பி. எதுவும் ஏறாமல் அந்த முதல் சர்க்கரையோடு நின்றுவிட்டால் ஓ. வகை வகை என்று நாம் சொல்வது அந்த நுனிச் சர்க்கரையைத்தான். காணம் பிடிப்பதும் அதைத்தான்.

எனக்குப் புரிந்தது போலவும் இருந்தது, புரியாதது போலவும் இருந்தது. அந்த வாரம் மகளுக்குக் காது குத்தினோம். ஆசாரி குத்தியதும் துளை தூர்ந்துபோகாமல் இருக்க மாமியார் வேப்பங்குச்சியைச் செருகிவிட்டார். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தபோது சட்டென்று பிடிபட்டது. மறுநாள் போனதும் டாக்டரிடம் சொன்னேன்.

"ஐயா, காதில துளை போட்டு வேப்பங்குச்சி வச்சிருக்கு. அதுதான் ஓ. அங்க தோடு மாட்டினா ஏ. ஜிமிக்கி மாட்டினா பி. சரியா?"

அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். "இம்புட்டு நேரம் நான் என்னத்துக்கும்மா வரைஞ்சுக்கிட்டுக் கிடந்தேன்?" அதற்குப் பிறகு வந்த மாணவர்களுக்கெல்லாம் அவர் தோடு, ஜிமிக்கி என்றுதான் சொல்லிக் கொடுத்தார்.

விதைப் பைத்தியம் அவரை விடவில்லை. ஊட்டிப் பக்கத்தில் மஞ்சளாகப் பூக்கும் ஒரு முள்செடியின் விதையை நண்பர் ஒருவரைக் கொண்டு தபால் கவரில் வரவழைத்தார். அந்த விதைச் சாறு வேப்பங்குச்சியை, அதாவது அந்த முதல் சர்க்கரையை, அடையாளம் காணும். ஓ வகை ரத்தத்தை நன்றாகத் திரட்டிவிடும். "மாமியார்கிட்ட மட்டும் குடுத்துறாதீங்க" என்று சொல்லித்தான் கையில் தந்தார்.

இனி சீதாலட்சுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மல்லாங்கிணறுப் பக்கத்துக் கிராமத்தில் சொந்த நிலம் வைத்துப் பயிர் செய்யும் குடும்பத்துப் பெண். நிறைமாதம். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் வாயை அடைத்தபடி இறங்கி உட்கார்ந்திருந்தது. குழந்தை தானாக வெளியே வர வழியில்லை. ஏற்கெனவே இரண்டு தடவை ரத்தம் போய், நின்று, ஆள் வெள்ளைத் துணியாக வெளுத்துப் போயிருந்தாள். ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும். கையில் ரத்தம் இல்லாமல் கத்தியை வைத்தால் மேஜையிலேயே போய்விடுவாள் என்று பிரசவ டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆபரேஷன் செய்யாவிட்டாலும் மூன்றாவது தடவை ரத்தம் போனால் அதோடு முடிந்தது.

காலையில் அவள் ரத்தம் என்னிடம் வந்தது. ஏ சீரத்துக்கும் கட்டவில்லை, பி சீரத்துக்கும் கட்டவில்லை. ஓ வகை. சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் ஆஸ்பத்திரியிலேயே ஓ வகைக்காரர்கள் நான்கு பேர் இருந்தார்கள். கொடுப்பதற்கு முன்னால், நோயாளியின் சீரத்தோடு, அதாவது ரத்தத்தில் செல் போக மிஞ்சும் தெளிநீரோடு, கொடுக்கிறவரின் செல்லைக் கலந்து பொருத்தம் பார்க்க வேண்டும். கட்டாமல் இருந்தால் கொடுக்கலாம். முதல் ஆளின் செல்லைக் கலந்தேன். திரண்டு கட்டியது. இரண்டாவது ஆள். கட்டியது. நான்கு பேருக்கும் கட்டியது. ஓ வகைக்கு ஓ கட்டாது. கட்டவே கூடாது. உப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்தேன். குழாய்களை வேகவைத்தேன். மறுபடியும் அதே. காலையில் குழந்தைக்குச் சோப்புப் போட்ட கையை நன்றாகக் கழுவினேனா என்றுகூட நினைத்தேன்.

டாக்டரைக் கூப்பிட்டேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்து எழுதினார். சீட்டுகளைத் திருப்பினோம். இரண்டிலும் "கட்டியது."

"அவ செல்லையும் அவ சீரத்தையுமே கலந்து பாருங்க" என்றார்.

கலந்தேன். கட்டவில்லை. அவள் ரத்தம் தன்னைத் தவிர மற்ற எல்லாரையும் பகைத்துக்கொண்டது. டாக்டர் ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு ஊட்டி விதைச் சாற்றை எடுத்தார். நான்கு ஓ வகைக்காரர்களின் செல்களும் அதில் உடனே திரண்டன. சீதாலட்சுமியின் செல் அப்படியே தெளிவாகக் கிடந்தது. டாக்டர் வெகுநேரம் தட்டை ஆட்டி ஆட்டிப் பார்த்தார்.

"இவளுக்குக் காதே குத்தலம்மா" என்றார்.

அந்த முதல் சர்க்கரையே அவள் செல்லில் ஏறவில்லை. பிறவியிலேயே அப்படி. ஆகவே தோடும் இல்லை, ஜிமிக்கியும் இல்லை. ஓ என்று நம்மை ஏமாற்றும். ஆனால் அவள் உடம்புக்கு வேப்பங்குச்சியும் அந்நியம்தான். உலகத்தில் எல்லாருக்கும் கொடுக்கலாம் என்கிற ஓ ரத்தத்தை ஏற்றினால் அவள் இறந்துவிடுவாள். இப்படிப்பட்டவர்களை முதலில் பம்பாயில் கண்டுபிடித்ததாக டாக்டர் படித்திருந்தார். பார்த்ததில்லை.

அவளுடைய அண்ணன் ராமசாமி வராந்தாவில் நின்றார். டாக்டர் விஷயத்தைச் சொல்ல முயன்றார்.

"ரத்தத்தில ஒரு சர்க்கரை இல்ல..."

"எங்க வம்சத்திலேயே சர்க்கரை வியாதி கிடையாதுங்க."

"அது வேற. உங்க அப்பா அம்மா சொந்தமா?"

"அம்மாவுக்குத் தாய்மாமன்தான் அப்பா."

டாக்டர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நெருங்கிய சொந்தத்தில் கட்டியிருந்தால், இதே மாதிரி ரத்தம் கூடப் பிறந்தவர்களுக்கு இருக்க வாய்ப்பு உண்டு. "உங்க ஆளுகளை எல்லாம் உடனே வரச் சொல்லுங்க" என்றார். பிறகு சென்னைக்குப் போன் போட்டு இப்படி யாராவது கிடைப்பார்களா என்று விசாரிக்க ஜீப்பில் மதுரைக்குக் கிளம்பினார்.

"ஐயா, நீங்க இல்லாம நான் எப்படி..."

"அவ சீரத்தோட கட்டாத ரத்தம் கெடைச்சா குடுக்கலாம். கட்டுறதைப் பார்க்க என் கண்ணு எதுக்கும்மா? உங்களுக்குத்தான் ரெண்டு இருக்கே."

பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு லாரி வந்து நின்றது. மிளகாய் வற்றல் லோடு ஏற்றி விருதுநகர் வந்த லாரி. மூட்டைகளின் மேலேயே குடும்பம் மொத்தமும் ஏறி வந்திருந்தது. ஊருக்குப் போய்த் திரும்பிய ராமசாமியையும் சேர்த்து ஆண்கள் பதினான்கு பேர். இரண்டு அண்ணன்மார், மற்றவர்கள் பங்காளிகள். அத்தனை பேரும் தும்மிக்கொண்டே உள்ளே வந்தார்கள். பெண்கள் சோற்றுச் சட்டியும் தண்ணீர்ச் செம்புமாக வராந்தாவில் வேப்பமரத்து ஓரமாக உட்கார்ந்துகொண்டார்கள். ஆண்களை வரிசையாக நிறுத்தி விரலைக் குத்த ஆரம்பித்தேன்.

"ஏலே, நீ முதல்ல போலே."

"அண்ணன் இருக்கும்போது நான் எப்படி முந்துறது?"

"சோத்துக்கு மட்டும் முந்துதீகளே!"

"ரத்தம் எடுத்தா தெம்பு போயிருமாம்ல, நர்ஸம்மா?"

"ஒரு சொட்டுதான் எடுக்குறேன். பெரிய உடம்பு, தாங்கும்."

ஒவ்வொருவர் செல்லையும் சீதாலட்சுமியின் சீரத்தோடு கலந்தேன். முதல் அண்ணன், கட்டியது. இரண்டாவது அண்ணன், கட்டியது. பங்காளிகள் ஒவ்வொருவராக வந்தார்கள், எல்லாமே கட்டியது. பதினான்காவது ஆளின் தட்டிலும் கட்டியதைப் பார்த்துக் கீழே வைத்தேன். வியர்வை வழிந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்தேன்.

பதினான்கு பேரின் விரல்களிலும் இருந்த மிளகாய்ப் பொடி என் கையில் இருந்தது. இடையிடையே கழுவியிருந்தேன், ஆனால் போதவில்லை. இரண்டு கண்ணும் பற்றி எரிந்து, தாரை தாரையாகக் கண்ணீர் கொட்டியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு தண்ணீர்க் குழாயைத் தேடி வராந்தாவுக்கு ஓடினேன்.

பெண்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். அவ்வளவுதான். "ஐயோ என் மகளே!" என்று ஒரு கிழவி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அடுத்த நிமிஷம் வராந்தா முழுக்க மாரடித்து அழுகை. வார்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். சோற்றுச் சட்டியைப் போட்டுவிட்டு வாட்டசாட்டமான ஒருத்தி என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"சொல்லுங்க! என் தங்கச்சி போயிட்டாளா?"

"இல்ல! இல்ல! மிளகாய்!"

"என்னது?"

"கண்ணில மிளகாய்! உங்க தங்கச்சி நல்லா இருக்கா!"

என் தோளை விட்டாள். அப்புறம் அவள் திரும்பி, "நிப்பாட்டுங்கடி! உசுரோட இருக்கவளுக்கு எளவு கொட்டுதீக!" என்று போட்ட சத்தத்தில் அழுகை அறுந்து நின்றது. செம்புத் தண்ணீரை அவளே என் கண்ணில் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"எவன் ரத்தமாச்சும் சேந்துச்சா?"

"யாருதும் சேரல."

"சேராது. அப்பவே நெனச்சேன். அங்கன நின்ன பதினாலு பேர்ல அவகூடப் பொறந்தது ரெண்டே பேரு. நான் மூத்தவ, அவளை இடுப்புல தூக்கி வளத்தவ, இங்கன சோத்துச் சட்டிக்குக் காவல் இருக்கேன். ஏன் நர்ஸம்மா, எங்க ரத்தம் ஆகாதோ?"

என் கண்ணில் எரிச்சல் அப்படியே இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று சுட்டது. டாக்டர் கூடப் பிறந்தவர்கள் என்றுதான் சொன்னார். ஆட்களை வரச் சொன்னதும் அவர்கள் ஆண்களை அனுப்பினார்கள். நான் ஆண்களை வரிசையில் நிறுத்தினேன். ரத்தம் கொடுப்பது ஆண்களின் வேலை, பெண்களுக்கு இருப்பதே குறைவு என்று எல்லாரும் நினைத்தோம். நானும் ஒரு பெண்தான். எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்க்கிற எனக்கே இது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன். அவள் பெயர் ஆவுடையம்மாள். விரலைக் குத்தி முதல் சொட்டை ஊட்டி விதைச் சாற்றில் விட்டுத் தட்டை ஆட்டினேன். திரளவில்லை. இன்னும் ஆட்டினேன். கட்டியே இல்லாமல் வழவழவென்று கிடந்தது. அக்காவுக்கும் காது குத்தவில்லை.

தங்கையின் சீரத்தோடு அவள் செல்லைக் கலந்து, உடம்புச் சூட்டில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் குழாயை வைத்தேன். முறைப்படி ஒரு மணி நேரம். ரத்த பலம் போதுமா என்று பார்க்க, மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீரில் அவளுடைய ஒரு சொட்டை விட்டேன். ரத்தம் பலவீனமாக இருந்தால் மிதக்கும். அது கல் போல நேராக அடியில் போய் உட்கார்ந்தது.

"என்னாச்சு?"

"முங்கிருச்சு. நல்ல ரத்தம்."

"முங்காம? களையெடுக்கிறவ ரத்தம். ஏலே ராமசாமி, பாத்தியா? ஓம் ரத்தம் தண்ணியில நீந்தியிருக்கும்."

குழாயை வைத்து நாற்பது நிமிஷம் ஆகியிருக்கும். வார்டு ஆயா ஓடி வந்தாள். சீதாலட்சுமிக்கு மறுபடி ரத்தம் போக ஆரம்பித்துவிட்டது. தியேட்டருக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். ரத்தம் கிடைத்ததா இல்லையா என்று டாக்டரம்மா உடனே கேட்கிறார்.

இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. அவசரப்பட்டு எடுத்துப் பார்த்துக் கட்டவில்லை என்று சொல்லி, பிறகு கட்டியிருந்தால் என் கையால் ஒரு தாயைக் கொன்றதாகும். காத்திருந்து காத்திருந்து அவள் ரத்தம் எல்லாம் வடிந்துபோனாலும் அதேதான். ஆவுடையம்மாளைப் பெஞ்சில் படுக்க வைத்தேன். முடிவு வரும்போது பாட்டிலாவது தயாராக இருக்கட்டும் என்று ஊசியைச் செருகினேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு தம்பிமாரைத் திட்டிக்கொண்டே இருந்தாள். பாட்டில் சீராக நிறைந்தது. அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டே நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஒரு மணி நேரம் முடிந்தது. குழாயை எடுத்தேன். வெளிச்சத்தில் சாய்த்தேன். கட்டவில்லை. ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். சிவப்பணுக்கள் ஒன்றை ஒன்று தொடாமல் தனித்தனியாக மிதந்தன. கண்ணெரிச்சலில் சரியாகத் தெரிகிறதா என்று துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதேதான். எதிரே டாக்டரின் முக்காலி காலியாக இருந்தது. இன்னொரு முறை முதலிலிருந்து செய்து பார்க்க மனம் அடித்துக்கொண்டது. அதற்கு இன்னொரு மணி நேரம் வேண்டும். அந்த ஒரு மணி நேரம் சீதாலட்சுமியிடம் இல்லை.

பொருந்துகிறது, கொடுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் இரண்டாவது தடவை செய்து பாராமல் அனுப்பிய முதல் பாட்டில் அது. நானே தூக்கிக்கொண்டு ஓடினேன்.

தியேட்டர் கதவு மூடியது. வெளியே நின்றேன். ரத்தம் பொருந்தாவிட்டால் முதல் சில நிமிஷங்களிலேயே தெரிந்துவிடும். குளிர் வரும், இடுப்பு வலிக்கும், நாடி விழும். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். யாரும் கதவைத் திறந்து என்னைக் கூப்பிடவில்லை. பதினைந்து நிமிஷம். அப்போது உள்ளே ஒரு குழந்தை அழுதது. முதலில் ஒரு செருமல், பிறகு ஆஸ்பத்திரியே கேட்கும்படி ஒரு கத்தல்.

காலையிலிருந்து நான் வீட்டுக்குப் போகவில்லை. மகளுக்குப் பால் கொடுக்கவில்லை. அந்தச் சத்தம் கேட்டதும் இரண்டு மார்பிலும் பால் சுரந்து, ரவிக்கை நனைந்து, வெள்ளைக் கோட்டிலும் ஊறிவிட்டது. கையைக் குறுக்கே கட்டி மறைத்துக்கொண்டு, வராந்தாவில் தனியாக நின்று சிரித்தேன். கண்ணில் நீர் வழிந்தது. இந்தத் தடவை மிளகாய் இல்லை.

டாக்டரம்மா வெளியே வந்து, "பையன். தாய் நல்லா இருக்கா. நாடி ஏறிக்கிட்டு இருக்கு" என்று சொல்லிவிட்டு, என் கோட்டைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்கு ஓடும்மா முதல்ல" என்றார்.

சாயங்காலம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது டாக்டரின் ஜீப் வந்தது. மதுரையிலும் கிடைக்கவில்லை, சென்னையிலும் கிடைக்கவில்லை. சோர்ந்துபோய் இறங்கினார். பெஞ்சில் காபி குடித்துக்கொண்டிருந்த ஆவுடையம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"மருதைக்குப் போனீகளாமே. வெறுங்கையாவா வந்தீக? நான் இங்கனதான இருந்தேன், ஒரு வார்த்தை கேட்டிருந்தா பெட்ரோல் மிச்சமாயிருக்குமே!"

டாக்டருக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் ஆவுடையம்மாளைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி என் மகளின் கன்னத்தைக் கிள்ளினார்.

மறுநாள் காலையில் ரத்தம் எடுக்க சீதாலட்சுமியின் கட்டிலுக்குப் போனேன். முதல் முறையாக அவள் முகத்தில் நிறம் வந்திருந்தது. ஊரிலேயே அதிர்ந்து பேசத் தெரியாத பெண் என்று சொன்னார்கள். அவள் கணவர் குழந்தையை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் தாம்பாளத்தைப் போல ஏந்திக்கொண்டு நின்றார்.

"எனக்கு ஏத்துனது எங்கக்கா ரத்தமா நர்ஸம்மா?" என்று மெல்லக் கேட்டாள்.

"ஆமாம்மா. ஊர்ல வேற யார்கிட்டயும் இல்லாத ரத்தம். உங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான்."

அவள் வராந்தாப் பக்கம் கண்ணை ஓட்டினாள்.

"அப்போ அவ வாயும் எனக்கு வந்துருமா?"

கணவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து, வராந்தாவில் இருந்த ஆவுடையம்மாளுக்குக் கேட்டுவிடாதபடி குரலைத் தாழ்த்தி, கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

"நர்ஸம்மா, அந்த ஒண்ணை மட்டும் வடிகட்டி எடுத்துற முடியுமா?"